கண்மாய்க்கு ஏன் யாரும் காசு தரமாட்டேங்கறாங்க? எங்க பாசன சங்கத்துக்கும் ஊர் பெரியவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் மாமாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், அம்பலம் ஐயாவுக்கும், போன கூட்டத்துக்கு வந்த வராத எல்லா ஆயக்கட்டுக்காரங்களுக்கும், அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலக்காரங்களுக்கும், வணக்கம்.

நம்ம பாசன ஏரியான கண்மாயைச் சரிபண்ண காசு கேட்டு போட்ட கூட்டம் கலையுற நேரத்துல ஒரு பேச்சு வந்துச்சுல்ல, நம்ம ஊர்க்காரனுக்கு கோயில்னா கை நீளும், கண்மாய்னா கையைக் கட்டிக்குவான், இவங்களை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. நிறைய பேர் ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க. நான் அன்னைக்கு பெரியவங்க முன்னாடி எதிர்த்துப் பேச வேணாம்னு இருந்துட்டேன், ஆனா அது உண்மையில்லன்னு எனக்கு உறுதியா தோணுது, அதான் பொறுமையா உக்காந்து எழுதுறேன். நம்ம சனங்க கஞ்சமும் இல்ல, அக்கறை கெட்டவங்களும் இல்ல. கண்மாய்க்கு காசு கேக்கும்போது அவங்களுக்கு ஒண்ணுமே தெளிவா தெரியல. மொத்தம் எவ்வளவு வேணும், பக்கத்து வயக்காரன் குடுப்பானா, குடுத்தா வேலை நடக்குமா, நடக்கலன்னா குடுத்த காசு திரும்பி வருமா, இதுல எதுக்கும் அன்னைக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. இந்த நாலும் தெரியாத எடத்துல எவன் காசைப் போடுவான் சொல்லுங்க.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரி போட்டதை ஒரு தடவ நினைச்சுப் பாருங்க. மந்தையில ஊர்க்கூட்டம் போட்டு, ஸ்தபதி குடுத்த எஸ்டிமேட்டை வாசிச்சு, தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணி, மூணு தவணை, கடைசி தவணை தைக்குள்ளன்னு சொல்லி, புருஷன் இல்லாத பொம்பளைங்க வீட்டுக்கு பாதி வரி போதும்னு அதையும் பேசி முடிச்சுத்தான் எந்திரிச்சீங்க. நீளமான கணக்கு நோட்டுல வீட்டு வரிசையா பேர் எழுதி, கட்டினவங்க பேருக்கு நேரா தொகையும் தேதியும் போட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மைக்ல வாசிச்சீங்க. திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கறவங்க, சிங்கப்பூர்ல இருக்கறவங்க எல்லாம் ஜிபேல போட்டுட்டு போன் பண்ணி என் பேரு நோட்டுல ஏறிருச்சான்னு கேட்டாங்க. எங்க சித்தப்பா கையில காசில்லாம வட்டிக்கு வாங்கிக் கட்டினார். பக்தி காரணம்தான், நான் இல்லைங்கல. ஆனா பக்தி மட்டும்தான்னா உண்டியல் காசுலயே கோபுரம் எந்திரிச்சிருக்கணும்ல, எதுக்கு வரி போட்டோம்? எல்லாரும் கட்டுறாங்க, இவ்வளவுதான் கட்டணும், இந்த தேதிக்குள்ள கட்டணும், கட்டினா கும்பாபிஷேகம் நடந்தே தீரும். அந்த உறுதிதான் காசை வெளிய கொண்டாந்துச்சு.

கண்மாய்க்கு என்ன சொன்னோம்? "ஆளுக்கு முடிஞ்சதைக் குடுங்கப்பா." நல்ல மனசுலதான் சொன்னீங்க, ஏழைபாழைக்கு பாரம் ஆகக்கூடாதுன்னு. ஆனா அந்த ஒரு வார்த்தையிலதான் காரியமே கெட்டுச்சுன்னு நினைக்கிறேன். முடிஞ்சதுன்னா எவ்வளவு? 200 ரூபாயா 5,000 ரூபாயா? ரெண்டு ஏக்கர் வச்சிருக்கறவன் 500 குடுத்து பதினஞ்சு ஏக்கர் வச்சிருக்கறவர் 300 குடுத்தா அப்ப இவன் ஏமாளி ஆயிடுறான். அதனால எல்லாரும் மொதல்ல அடுத்தவன் என்ன குடுக்கறான்னு பாக்கறாங்க, அடுத்தவனும் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கான், இப்படியே ஆனியும் போய் ஆடியும் போய், வேலை செய்யிற பருவமே முடிஞ்சு போச்சு.

மூணாம் மடைக்கு, அதாவது கண்மாய்த் தண்ணியை வயலுக்குத் திறந்துவிடுற மூணாவது மதகுக்கு, போய் பாத்தவங்களுக்குத் தெரியும். ஷட்டர் கீழ்ப்பக்கம் பூரா துரு அரிச்சு கை நுழையிற அளவுக்கு ஓட்டை, திருகுற தண்டு வளைஞ்சு போய் மேல ஏத்துனா இறங்காது, இறக்குனா ஏறாது. ஒவ்வொரு வருஷமும் தண்ணி நிக்கிற காலத்துல யாராவது ரெண்டு பேர் கழுத்தளவு தண்ணியில இறங்கி வைக்கோல் பிரியையும் மணல் மூட்டையையும் வச்சு அடைக்கிறாங்க, நாலு நாள்ல சாக்கு நைஞ்சு மறுபடியும் ராவெல்லாம் தண்ணி ஓடுது. தை மாசம் கதிர் பால் பிடிக்கிற நேரத்துல வாய்க்கால் கடைசியில இருக்கற கடைமடைக்குத் தண்ணி இல்லாம போறது மழை குறைஞ்சதால மட்டும் இல்ல, கார்த்திகையில இந்த ஓட்டை வழியா யாருக்கும் ஒதவாம போன தண்ணியாலயும்தான். இந்த ஒரு ஷட்டரை மாத்த என்ன செலவாகும்னு இன்னைக்கு வரைக்கும் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, யாரும் பட்டறையில போய் கேக்கல. ஒருத்தர் 40,000 ஆகும்கறார், இன்னொருத்தர் ரெண்டு லட்சங்கறார். நாப்பதாயிரம்னா நம்மளே போட்டுறலாம்னு தோணும், ரெண்டு லட்சம்னா கவர்மெண்ட்டுதான் பாக்கணும்னு தோணும், எதுன்னே தெரியலன்னா சும்மா இருப்போம்னுதான் தோணும்.

இது நம்ம ஊர் குணம் இல்ல, மனுஷ குணம். 2008-ல ஜெர்மனியில மன்ஃப்ரெட் மிலின்ஸ்கிங்கறவரும் அவர் கூட்டாளிகளும் மாணவர்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஆறு ஆறு பேரா குரூப், ஆளுக்கு 40 யூரோ கையில குடுத்துடுவாங்க, பத்து சுத்து, ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணும் போடாம இருக்கலாம், இல்ல 2 போடலாம், இல்ல 4 போடலாம். குரூப் மொத்தமா 120 யூரோ சேத்துட்டா மிச்சம் இருக்கறது அவங்கவங்களுக்கு. சேக்கலன்னா கையில இருக்கற மிச்சமும் போயிடுற ஆபத்து. அந்த ஆபத்து 90 சதவீதம்னு சொன்ன பத்து குரூப்ல அஞ்சு குரூப் இலக்கைத் தொட்டுச்சு. 50 சதவீதம்னு சொன்னப்ப பத்துல ஒண்ணே ஒண்ணு. 10 சதவீதம்னப்ப ஒண்ணு கூட இல்ல. கண்மாய் இந்த வருஷம் உடையுமா உடையாதா, ஒருவேளை உடையாமலும் போகலாம்னு நினைக்கிற கூட்டம் எப்படி காசு குடுக்கும்னு இதுலயே தெரியுது.

அதை விட முக்கியமா எனக்குப் பட்டது 2012-ல ஸ்காட் பேரட்டும் அஸ்ட்ரிட் டேனன்பெர்க்கும் பண்ணது. பத்து பேர் குரூப், எல்லாரும் சேந்து ஒரு அளவைத் தொடணும், தொடலன்னா எல்லாருக்கும் பெரிய நஷ்டம். அந்த அளவு சரியா 150-ன்னு சொன்னப்ப பெரும்பாலான குரூப் சேந்து நின்னு தொட்டுட்டாங்க. நஷ்டம் எவ்வளவு இருக்கும்னு சரியா சொல்லாம விட்டாங்க, அப்பவும் பெருசா ஒண்ணும் கெடல. ஆனா தொட வேண்டிய அளவு 100-ல இருந்து 200-க்குள்ள எங்க வேணா இருக்கலாம்னு சொன்னாங்க பாருங்க, அதோட எல்லாம் சரிஞ்சு போச்சு, ஒவ்வொருத்தரும் கையை இழுத்துக்கிட்டாங்க. நஷ்டம் எவ்வளவுன்னு தெரியாதது கூட்டத்தை உடைக்கல, எவ்வளவு சேத்தா போதும்னு தெரியாததுதான் உடைச்சுச்சு. நம்ம மூணாம் மடை கதையும் இதேதான்.

நம்ம சீமைக்காரங்க நிச்சயம் இல்லாததுக்குப் பயந்தவங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். மழை வருமா வராதான்னு தெரியாம ஆவணி புரட்டாசியில காஞ்ச மண்ணுல நெல்லை வீசி புழுதி விதைப்பு விதைக்கிற ஊர் நம்ம ஊரு. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பூரா இதுதான் பழக்கம். விதை, உழவு கூலி எல்லாத்தையும் மண்ணுல போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறவங்க நம்ம ஆளுங்க. வானம் ஏமாத்தினா தாங்கிக்கிறாங்க, அடுத்த வருஷமும் விதைக்கிறாங்க. ஆனா பக்கத்து வயக்காரன் ஏமாத்துவானோ, சங்கம் ஏமாத்துமோங்கற சந்தேகத்தை அவங்களால தாங்க முடியல, ஏன்னா அதுல நஷ்டத்தோட அவமானமும் சேந்து வருது. மழையை நம்மால உறுதி பண்ண முடியாது. இந்த சந்தேகத்தை நம்மால தீக்க முடியும், அது நம்ம கையிலதான இருக்கு.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசப்பா இருக்கும். "ஸ்கீம் வரப்போகுது"ங்கற பேச்சு. வருஷா வருஷம் சித்திரை பொறந்தா இந்தப் பேச்சு கிளம்பிடுது, நம்ம கண்மாய் லிஸ்ட்ல இருக்காம், அளந்துட்டுப் போனாங்களாம், டெண்டர் விடப்போறாங்களாம்னு. வரவே வராதுன்னு தெரிஞ்சா நம்மளே செஞ்சுக்குவோம். வரும்னு தெரிஞ்சா நம்ம பங்கை கட்டுவோம். வரலாம் வராமலும் போகலாம்ங்கற நிலைதான் நம்மளை எதையும் செய்ய விடாம வச்சிருக்கு. நாளைக்கு கவர்மெண்ட்டே செய்யப்போற வேலைக்கு நான் ஏன் இன்னைக்கு என் காசைப் போடணும்னு ஒருத்தர் கேட்டார், அவர் கேட்டது தப்பே இல்ல.

2017 மார்ச்ல காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்துல ஊர்க்காரங்களே சேந்து கண்மாயைச் சரிபண்ற குடிமராமத்து திட்டத்தை அப்ப முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி தொடங்கி வச்சார், முதல் கட்டமா 100 கோடி ரூபாய்ல 1,519 வேலைன்னு அறிவிச்சாங்க. அதுல விவசாயிங்க பங்கு 10 சதவீதம், பணமாவோ பொருளாவோ உடல் உழைப்பாவோ குடுக்கலாம்னு விதி. நல்ல விதி. முப்பது லட்சம் வேலைன்னா மூணு லட்சம் நம்ம பங்கு. ஆனா அந்த மூணு லட்சத்தை யார் யார் எவ்வளவு போட்டாங்க, உழைப்பா குடுத்ததுக்கு யார் கணக்கு எழுதினாங்கன்னு ஆயக்கட்டுக்காரங்களுக்கே தெரியலன்னா என்ன ஆகும்? ஒப்பந்தக்காரரே அதையும் சேத்துப் போட்டுக்கிட்டார்னு ஒரு பேச்சு கிளம்பும். உண்மையோ பொய்யோ, அந்தப் பேச்சு ஒரு தடவ கிளம்பிட்டா அடுத்த பத்து வருஷத்துக்கு எவனும் பங்கு குடுக்கமாட்டான். சங்கத்து பேர்ல வேற யாரோ வேலை எடுத்து செய்றாங்கன்னு பல ஊர்ல விவசாயிங்க புகார் சொன்னதை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

குடிமராமத்து புதுசா வந்தது இல்லன்னு தாத்தாமாருங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டி கூடையோட கரைக்குப் போகணும், வரலன்னா தண்டம். வெள்ளைக்காரன் காலத்துல இந்தப் பழக்கம் தளர்ந்து போனப்ப 1858-ல சென்னை மாகாணத்துக்கு கட்டாய உழைப்புச் சட்டம்னே ஒண்ணு போட்டாங்க, வராதவனுக்கு அபராதம்னு. சட்டம் போட்டும் பழைய பழக்கம் திரும்பல. கண்மாய் யாருக்கு சொந்தம், யார் முடிவு எடுக்கறாங்கங்கறதே ஊருக்குத் தெரியாம போனப்பறம் அபராதம் போட்டு என்ன பண்றது? இன்னைக்கும் அதே குழப்பம்தான், 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், மீன் ஏலம் ஒரு பக்கம், கருவேல மர ஏலம் ஒரு பக்கம். ஏலத்துக் காசு எங்க போகுதுன்னு கேட்டா ஒவ்வொருத்தர் ஒரு எடத்தைக் கை காட்டுறாங்க.

இதுக்கு வெளிநாட்டுக்கெல்லாம் போக வேணாம், உத்திரமேரூர் கல்வெட்டு போதும். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. ஏரியைப் பாத்துக்க ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு, குடவோலை போட்டு ஆளெடுக்கறது, 360 நாள்தான் பதவி. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி, முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாம போனவன் மறுபடி பேர் எழுதவே கூடாது, அவன் மட்டும் இல்ல, அவன் நெருங்கின சொந்தக்காரங்களும் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு தெரியலன்னா ஊர் ஒட்டாதுன்னு புரிஞ்சு வச்சிருக்காங்க. யாரையும் குத்திக் காட்ட இதை சொல்லல மாமா, நீங்க உங்க கைக்காசைப் போட்டு ஆபீசுக்கு அலையிறது எனக்குத் தெரியும். ஆனா அது எனக்குத் தெரியுது, கடைமடையில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைமடைக்காரங்களைப் பத்தி தனியா சொல்லணும். காசு தராதவங்க லிஸ்ட்ல அவங்கதான் அதிகம்னு அன்னைக்கு சொன்னீங்க. அவங்க எடத்துல நின்னு யோசிங்க. மடை சரியானாலும் தலைமடையில இருக்கறவங்க முறை தாண்டி பாய்ச்சினா அவங்களுக்கு ஒரு சொட்டும் வராது. வயலுக்கு முறை வச்சு தண்ணி திருப்பிவிடுற ஆளான நீர்பாய்ச்சிக்கு களத்துல நெல் அளந்து குடுத்து, அவர் மம்பட்டியைத் தவிர வேற மம்பட்டி வாய்க்கால்ல படக்கூடாதுன்னு இருந்த காலத்துல அவங்களுக்கு முறை உறுதியா வந்துச்சு. இப்ப நீர்பாய்ச்சியே இல்ல. தண்ணி வருமான்னு தெரியாதவங்க கிட்ட தண்ணிக்கு காசு கேக்கறோம். ஸ்பெயின்ல வாலன்சியாங்கற ஊர்ல வாய்க்கால் தகராறை தீக்கறதுக்குன்னே ஒரு தண்ணி நீதிமன்றம் இருக்கு, ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம் தேவாலய வாசல்ல விவசாயிங்களே உக்காந்து வாய் வார்த்தையாவே விசாரிச்சு அங்கயே தீர்ப்பு சொல்லிடுறாங்க, பல நூறு வருஷமா நடக்குது. என் முறை போச்சுன்னா வியாழக்கிழமை போய் கேக்கலாம்னு அங்க கடைசி வயக்காரனுக்கும் தெரியும். நம்ம ஊர்லயும் மாசி வரைக்குமாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் கண்மாய்க்கரை முனியாண்டி கோயில்ல நாலு பேர் உக்காந்தா போதும், ஆனா அந்த நாள் மாறக்கூடாது.

போர்வெல் போட்டவங்க கண்மாய் எக்கேடு கெட்டா என்னன்னு இருக்காங்கன்னு இன்னொரு குறை. அவங்க போருக்கே கண்மாய்ல தண்ணி நின்னாதான் ஊத்துன்னு அவங்களுக்கே தெரியும், கேக்கற முறையில கேட்டா குடுப்பாங்க. வெளியூர்ல இருக்கற நிலக்காரங்களுக்கு நிலத்தை வச்சிருப்போமா வித்துருவோமாங்கறதே நிச்சயமில்ல, அவங்க கிட்ட அஞ்சு வருஷத் திட்டம் பேசி பிரயோஜனம் இல்ல, இந்தப் போகத்துக்கு இவ்வளவுன்னு கேளுங்க, போட்டுடுவாங்க.

சரி, நான் கேக்கறது இதுதான். மொத்தக் கண்மாயையும் ஒரே நேரத்துல தூக்கி நிறுத்தப் பாக்க வேணாம். முதல்ல மூணாம் மடையை மட்டும் எடுப்போம். ரெண்டு லேத் பட்டறையில ஷட்டருக்கும் தண்டுக்கும் எழுத்துல விலை வாங்குங்க, கொத்தனார் கூலி, சிமெண்ட், ஜல்லி எல்லாம் சேத்து ஒரே தொகையா சொல்லுங்க. அதை அந்த மடை ஆயக்கட்டு ஏக்கரால வகுத்து ஏக்கருக்கு இவ்வளவுன்னு போர்டுல எழுதி மந்தையில வைங்க. முடிஞ்சதைக் குடுங்கங்கற பேச்சே வேணாம். குத்தகைக்காரர், கஷ்டப்படுறவங்களுக்கு பாதி, இல்ல உழைப்பா குடுக்கலாம், ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு வரவு வைக்கிறோம்னு அதையும் அதே போர்டுல எழுதிடுங்க.

காசை உடனே கேக்காதீங்க, முதல்ல கையெழுத்து மட்டும். ஆயக்கட்டுல முக்கால்வாசி ஏக்கருக்கு கையெழுத்து வந்தாதான் வசூல், வரலன்னா நோட்டை மூடிடுவோம், யாருக்கும் கடன் இல்லன்னு முதல்லயே சொல்லிடுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா முதல்ல குடுக்கறவன்தான் நம்ம ஊர்ல எப்பவும் மாட்டிக்கிறான், அவனுக்கு அந்தப் பயம் போகணும். வசூலான காசு பேங்க்ல தனிக் கணக்குல இருக்கட்டும், எடுக்க மூணு பேர் கையெழுத்து, அதுல ஒருத்தர் கடைமடைக்காரர், ஒருத்தர் பொம்பளையா இருக்கட்டும். வர்ற ஆடி கடைசிக்குள்ள வேலை தொடங்கலன்னா வந்த காசு வந்த வழியே திரும்பிடணும். ஒவ்வொரு வாரமும் கோயில் வரி வாசிச்ச மாதிரியே மைக்ல வாசிங்க, கட்டாதவங்க பேரை வேணாம், கட்டினவங்க பேரையும் செலவையும் மட்டும்.

ஸ்கீம் பேச்சுக்கும் ஒரு முடிவு கட்டுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணத்தோட ஒரு மனு போட்டா 30 நாள்ல பதில் குடுக்கணும், நம்ம கண்மாய் இந்த வருஷம் எந்தப் பட்டியல்லயாவது இருக்கா இல்லையான்னு கேளுங்க. மனுவை நானே எழுதித் தர்றேன். இருக்குன்னு வந்தா நம்ம பங்குக்கு தயாராவோம், இல்லன்னு வந்தா அந்தக் கடுதாசியையும் போர்டுலயே ஒட்டிடுங்க.

வண்டல் மண்ணுக்கும் இதேதான். விதிப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரைக்கும் விவசாயி இலவசமா எடுத்துக்கலாம், தாசில்தார் கிட்ட அனுமதி வாங்கணும். போன தடவ டிராக்டர் வச்சிருக்கறவங்க அள்ளினாங்க, இல்லாதவங்க வேடிக்கை பாத்தாங்க. இந்தத் தடவ எந்த சர்வே நம்பருக்கு எத்தனை லோடுன்னு முன்னாடியே எழுதி வச்சிட்டா கண்மாய் உள்பக்கம் தூர்வார ஆள் தேட வேண்டியதே இருக்காது, மண்ணுக்காகவே வருவாங்க.

எங்க வீட்டுக்கு மூணாம் மடையில இருக்கற நிலத்துக்கு என்ன பங்கு வருதோ அதுக்கு முதல் கையெழுத்து அப்பா போடுறேன்னு சொல்லிட்டார். பட்டறைக்குப் போக ஆள் வேணும்னா ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், செயலாளர் அண்ணன் ஷட்டர் அளவை மட்டும் எடுத்து வச்சிருங்க, அகலம் உயரம் ரெண்டும், தண்டோட நீளமும்.

இப்படிக்கு,
மூணாம் மடை ஆயக்கட்டு வீட்டுப் பொண்ணு